மெதுவாகப் பேசச் சொன்ன குரல்

முப்பத்திரண்டு வருஷம் மின்சாரம் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மின்கட்டணம் கட்டப் போனதில்லை. அணுமின் நிலையத்துக்காரர்களின் ஊரான அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். கரண்ட் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அது வீட்டுக்கு யார் பெயரில் வருகிறது என்று கேட்டால் முழிப்பேன்.

செங்கல்பட்டில் நாங்கள் கட்டிய வீடுகூட என் மனைவி கட்டியதுதான். நான் ஷிப்டுக்குப் போவேன், அவள் சோற்றுப் பையோடு பஸ் ஏறுவாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, மேஸ்திரி வருவதற்கு முன்னால் மனையில் நிற்பாள். மணல், ஜல்லி, போர்வெல், மின்வாரிய ஆபீஸில் மனு, எல்லாம் அவள் அலைச்சல். ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். என் தலையைக் கண்டதும் மேஸ்திரி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

என் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் பட்டா உள்ள மனையில் எழும்பிய முதல் வீடு இதுதான். அதனால் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தை ஊரே மெச்சும்படி நடத்த வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. போதகரிடம் தேதி வாங்கியாயிற்று, பிரியாணி மாஸ்டருக்குச் சொல்லியாயிற்று, சாமியானா வந்தாயிற்று.

சம்பந்தியும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என் மகளின் மாமனார், கோவளத்துக்காரர். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். “இன்வெர்ட்டர் நீங்க வாங்காதீங்க சம்பந்தி. அது எங்க பக்கத்துலருந்து வரும்” என்று ஒரு மாசத்துக்கு முன்பே போனில் சொன்னார். நானும் படிக்குக் கீழே அதற்கென்று ஒரு இடம் ஒதுக்கி, ஒயர் இழுத்து வைத்துவிட்டேன். பிரதிஷ்டைக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டால் அசிங்கம், கேட்காவிட்டால் எரிச்சல்.

கதைக்குப் போவதற்கு முன் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் கண்ட்ரோல் ரூமிலிருந்து போனில் உத்தரவு வரும். “இன்ன நம்பர் வால்வை மூடு.” உடனே மூடிவிடக் கூடாது. “இன்ன நம்பர் வால்வை மூடுகிறேன்” என்று அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி” என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். டர்பைன் ஓடுகிற இரைச்சலில் திருப்பிச் சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்புறம் நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் இப்படியே போனது. மனைவி அடுப்படியிலிருந்து “அரை கிலோ தக்காளி” என்றால், “அரை கிலோ தக்காளி!” என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது பக்கத்து வீட்டுக்கெல்லாம் தெரியும்.

இந்தப் பழக்கத்தோடு கூடப்பிறந்த இன்னொரு கோளாறும் உண்டு. போனில் ஒரு குரல் அதிகாரமாக, நிதானமாகப் பேசினால் என் கை தானாகக் கீழ்ப்படிந்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். கூடத்தில் என் மனைவியும் அவளுடைய தங்கைகள் இரண்டு பேரும் என் மகளும் பாய் விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் சாமியானாக் கயிறு சரியில்லை என்று யாரும் கேட்காமலே அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பழைய கட்டணம் பதிவாகவில்லை, இன்று மாலை ஆறு மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும், கீழே ஒரு நம்பர்.

 கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றச் சொல்லி அப்போதுதான் மனு கொடுத்திருந்தோம். அதில்தான் ஏதோ சிக்கல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விடிந்தால் நூற்றைம்பது பேர். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் பிரியாணிக்கும் தண்ணீர் இல்லை, கை கழுவவும் தண்ணீர் இல்லை. இன்வெர்ட்டரும் இல்லை. வாழ்நாளெல்லாம் கரண்ட் தயாரித்தவன் வீட்டில் முதல் நாளே இருட்டு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பது காதில் கேட்டது. அந்த நம்பரை அழுத்தினேன்.

என்ன நிதானமான குரல் தெரியுமா! “வணக்கம் சார், பதற்றப்படாதீங்க சார், சரி பண்ணிடலாம் சார்.” எங்கள் ஷிப்டு இன்சார்ஜ்கூட இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. நான் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் வைத்திருக்கிற நோட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டேன்.

“சார், உங்க பேர்ல இருக்கிற இணைப்பு பெண்டிங்ல இருக்கு. வெறும் பத்து ரூபா கட்டினா அப்டேட் ஆயிடும். அதுக்கு ஒரு ஆப் டவுன்லோட் பண்ணணும்.”

“ஆப் டவுன்லோட் பண்ணணும்! பண்றேன்!” என்று கத்தினேன்.

 “ஆ... ஆமா சார்” என்றான். உத்தரவு உறுதியாகிவிட்டது. லிங்க் அனுப்பினான், இறக்கினேன்.

“ஏதாவது கேட்டா எல்லாத்துக்கும் அலோ கொடுங்க சார்.”

“எல்லாத்துக்கும் அலோ! கொடுத்துட்டேன்!”

“ஸ்கிரீன்ல ஒரு நம்பர் வருது பாருங்க சார். அதைச் சொல்லுங்க.”

ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டு, வால்வு நம்பர் சொல்கிற மாதிரி முழங்கினேன். நோட்டிலும் எழுதினேன். நாலு பதினொன்று, நம்பர் சொல்லப்பட்டது. என் ஒழுங்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“இப்போ உங்க பேங்க் ஆப்பைத் திறங்க சார்.”

“பேங்க் ஆப்பைத் திறக்கணும்!”

அவன் குரலில் முதல் தடவையாக ஒரு நெளிவு வந்தது. “சார், சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. பக்கத்துல யாராவது இருந்தா டேட்டா சேஃப் இல்ல. தனியா ஒரு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கங்க.”

பழக்கம் விடுமா? தொண்டை நரம்பு புடைக்க முழங்கினேன். “மெதுவாப் பேசணும்! தனியா ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கணும்!”

கூடத்தில் பூண்டு உரிக்கிற கைகள் நான்கு ஜோடியும் நின்றுபோயின. அடுத்த நொடி என் மனைவி வாசலில் இருந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து பூண்டுத் தோல் உதிர்ந்துகொண்டிருந்தது.

“இன்னாத்துக்குத் தனி ரூமு?”

“மின்வாரியத்துலருந்து. ஆறு மணிக்குக் கட் பண்ணிடுவாங்களாம். நீ கம்முனு இரு.”

“கரண்ட் கட் பண்றவன் இன்னாத்துக்கு உன்ன ரூமுக்குள்ள போவச் சொல்றான்? குடு இங்க.”

பிடுங்கிவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதிகாரியிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால்? கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன், வேறென்ன செய்ய.

“சொல்லுங்க சார்” என்றாள் அவள், தேன் ஒழுக. “எந்த இணைப்பு?”

“உங்க சார் பேர்ல இருக்கிற இணைப்புங்க மேடம்.”

“சார் பேர்லயா கீது? நல்லாப் பாத்து சொல்லுங்க.”

“சிஸ்டம்லயே காட்டுது மேடம். சார் பேர்லதான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மனை அவள் பெயரில், பட்டா அவள் பெயரில், மின் இணைப்பும் அவள் பெயரில். இந்த உலகத்தில் என் பெயரில் ஒரு மீட்டரும் கிடையாது.

“தோ பாருப்பா” என்றாள். குரலில் தேன் போய்விட்டது. “அந்த ஆபீசுக்கு எட்டு தபா நடந்தவ நானு. மனு குடுத்த ரசீது என் பையில கீது. கட் பண்றதுன்னா லைன்மேன் கதவத் தட்டி மூஞ்சியக் காட்டிட்டுதான் கட் பண்ணுவாரு. அவுரு ஒருநாளும் எங்கூட்டுக்காரர ரூமுக்குக் கூப்டல. நீ எவன்டா?”

போன் வைக்கப்பட்டது. கூடத்தில் எழுந்த சிரிப்பில் சாமியானாவே ஆடியிருக்கும். ஆனால் என் மகள் சிரிக்கவில்லை. ஓடிவந்து போனை வாங்கி நெட்டை அணைத்தாள், அந்த ஆப்பை நீக்கினாள். “அப்பா, இது நம்ம ஸ்கிரீனை அவனுக்குக் காட்டுற ஆப். நீங்க பாஸ்வேர்டு அடிச்சா அவனும் பார்ப்பான்” என்றாள். தன் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு என் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தச் செய்தாள். நான் இன்னும் பேங்க் ஆப்பைத் திறக்கவில்லை. ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

பணம் போகாவிட்டாலும் மானம் போய்விட்டதே! அதுவும் கரண்ட் விஷயத்தில், கரண்ட்காரனுக்கு.  மனைவியைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டு, சின்னப் பையன் கணக்காகக் கெஞ்சினேன். “யார்கிட்ட வேணா சொல்லு, சம்பந்திகிட்ட மட்டும் சொல்லாதே.” பேங்க்கில் இருந்த மனுஷன், இதைக் கேட்டால் ஜென்மத்துக்கும் என்னை மதிக்க மாட்டார்.

“நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்” என்றாள் மனைவி. கொஞ்சம் நின்று என் கையைப் பிடித்து, “நல்லவேளை, உனக்கு மெதுவாப் பேசவே வராது” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் சத்தத்தைத் திட்டியே பழகியவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ஒவ்வொரு அறையாகப் போய் அவர் ஜெபிக்கும்போது என் மனைவி தூண்களையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் அப்பாவை நினைத்துக்கொண்டே இன்னும் சத்தமாகப் பாடினேன். எங்கள் பாட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

பத்து மணி சுமாருக்குச் சம்பந்தி வந்தார். சம்பந்தியம்மா கையில் பழத்தட்டு, அவர் கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பொட்டலம். பிரித்தால் சுவர்க் கடிகாரம். நல்ல கடிகாரம்தான். ஆனால் நான் படிக்குக் கீழே ஒயர் இழுத்து வைத்துக் காத்திருந்தது கடிகாரத்துக்கு அல்ல. இன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன். முகமும் வாடிக் கிடந்தது. கொடுத்த வாக்கை மறந்துவிட்டு முகத்தை வேறு தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குள் புகைந்தது.

பகல் பந்தியில் முதல் வரிசைக்குப் பிரியாணி விழுந்த நேரம், நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. எங்கோ ஃபியூஸ் போயிருக்கிறது, லைன்மேன் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மின்விசிறிகள் நின்றன. எல்லார் நெற்றியிலும் வியர்வை. காலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்திருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்வெர்ட்டர் ஒண்ணு இருந்திருந்தா இப்படி வேர்க்குமா!” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். பந்தி முழுக்கக் கேட்டது. சம்பந்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தச் சங்கடத்தை என் சின்ன மச்சினிச்சி உடைத்தாள். “இன்னா மாமா, பத்து ரூபா கட்டுனியா இல்லியா? தனி ரூமுக்குப் போயிருந்தா கரண்ட் இருந்திருக்குமே!”

அவ்வளவுதான். மூடிவைத்திருந்தது திறந்துகொண்டது. என்ன, என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மனைவி கண்ணால் அடக்கப் பார்த்தாள், நடக்கவில்லை. மச்சினிச்சி என் நோட்டைத் தேடி எடுத்து வந்து, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். “நாலு மணி ஐந்து நிமிடம், ஆப் இறக்கப்பட்டது. நாலு மணி பதினொரு நிமிடம், நம்பர் சொல்லப்பட்டது. நாலு மணி பதினாலு நிமிடம், தனி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தும்படி உத்தரவு.” பிரியாணி புரையேறச் சிரித்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். சம்பந்தி.

“அந்த நோட்டக் குடும்மா” என்று கை நீட்டி வாங்கினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே மூடி, பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். என் இன்வெர்ட்டர் பேச்சு தைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வாய் இப்படி இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே ஓடினேன்.

தோட்டத்துக் குழாயடியில் நின்றிருந்தார். கை கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார்.

“சம்பந்தி, நான் ஏதோ வேர்வையில உளறிட்டேன்.”

“அத்த வுடுங்க” என்றார். “எனக்கும் வந்துச்சு. போன திங்கக்கிழம. அதே பேச்சு, அதே பத்து ரூபா. மெதுவாப் பேசச் சொன்னான். தனி ரூமுக்குப் போவச் சொன்னான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?” என்றேன்.

“நான் போயிட்டேன் சம்பந்தி. கதவ சாத்திக்கினு பேசினேன்.”

இன்வெர்ட்டருக்கு எடுத்து வைத்தது, அதோடு சேர்த்து இன்னும் கொஞ்சம், எல்லாம் போய்விட்டது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து யாருக்கும் நம்பர் சொல்லாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர். மகனிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. “எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?” என்றார். ஒரு வாரமாக அந்தக் கதவுக்குள்ளேயே இருந்திருக்கிறார் அந்த மனுஷன். நானோ படிக்கட்டின் கீழே காலி இடத்தைப் பார்த்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

குழாயை மூடினேன். அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். “உள்ள வாங்க. நான் பட்ட சிரிப்புல பாதி நீங்களும் படுங்க. ஒண்ணும் ஆகாது. நான் உயிரோடதானே இருக்கேன்?”

வர மாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனேன். கூடத்து நடுவில் நின்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். அப்புறம் கேட்டார்:

“இத்துக்காத்தான் ஒரு வாரமா சோறு துன்னலியா?”

அவர் தலையை ஆட்டினார்.

“அடப்பாவி மனுஷா! உனக்கு இன்னாமோ பெரிய வியாதின்னு நெனச்சிக்கினு நான் தினம் அழுதுகினு கீறேன். பணந்தானா? பணம்தானே போச்சு!” அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அவர் முதுகில் இரண்டு அடி வைத்தார். அதற்கப்புறம்தான் கூடம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

பணம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் திரும்பி வந்தது, மிச்சத்துக்கு இன்னும் அலைகிறார். பணம் போன அன்றைக்கே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க முடியும் என்று பிற்பாடு போலீஸில் சொன்னார்கள். படிக்குக் கீழே இப்போது செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது. நானும் சம்பந்தியும் பாதிப் பாதி போட்டு இன்வெர்ட்டர் வாங்கி, காற்றோட்டம் வேண்டும் என்று மாடியில் வைத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த மத்தியானம்தான் எனக்குப் பெரிசு. என் மகள் உடனே சைபர் குற்றப் புகார் நம்பரைப் போட்டு மாமனார் கையில் கொடுத்தாள். அவர் போனோடு ஓரமாக ஒதுங்கப் போனார். என் மனைவி தோளைப் பிடித்து நிறுத்தி, கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பந்தியில் பாதி பேர் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பலகாரத்துக்கு வாங்கிய அட்டைத் தட்டால் அவருக்கு விசிறினார்கள். நான் நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் நேரம் போட்டேன்.

“திருப்பிச் சொல்லுங்க சம்பந்தி” என்று சைகை காட்டினேன். முதலில் முனகினார். அப்புறம் குரல் ஏறியது. போனில் புகாரை எழுதிக்கொண்ட அம்மாள் தேதி கேட்டார், “தேதி சொல்லணும்! சொல்றேன்!” என்றார் சம்பந்தி. வங்கிப் பெயர் கேட்டார், அதையும் முழங்கினார். எனக்குச் சரியான ஷிப்டு ஆள் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன்.

ஸ்பீக்கரில் அந்த அம்மாள் இரண்டு தடவை இருமினார். “சார், காது வலிக்குது. கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்.”

சம்பந்தி திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். பூண்டு உரித்த பெண்கள், சம்பந்தியம்மா, அட்டைத் தட்டுக்காரர்கள், போதகர் உட்பட, வீடே ஒரே குரலில் கத்தியது: “மாட்டாரு!”